காலிக்குச் சிவப்பு கிடையாதாம்

ஆத்தூரில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்க ஓட்டுற ரிப்போர்ட் சாப்ட்வேர் விலையைக் குறைச்சிட்டாங்களாமே, வாங்கலாமா?" பெயர் இங்கே வேண்டாம். சேலத்தில் எங்கள் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கணக்கு மூன்று சீசனாக அதில்தான் ஓடுகிறது.

ஒரு லோடுக்கு எடைச்சீட்டு எண் ஒன்றுதான். ஆனால் அந்த எண்ணில் லேப் ஒரு வரி போடும், பில் பிரிவு ஒரு வரி போடும். இரண்டிலும் பாயிண்ட், அதாவது கிழங்கின் விலையை முடிவு செய்யும் மாவுச்சத்து அளவு, ஒன்றாக இருக்க வேண்டும். லேப்பில் 28, பில்லில் 29 என்றால் ரிப்போர்ட்டில் அந்தச் சீட்டு மட்டும் சிவப்பாகிவிடும். 10 டன் லோடில் ஒரு பாயிண்ட் என்றால் சில ஆயிரம் ரூபாய். இரண்டு நோட்டை அருகருகே விரித்து, ஸ்கேல் வைத்து வரி பார்த்தவன் நான். அந்தச் சிவப்பைக் கும்பிடலாம்.

ஆனால் லேப் பையன் பாயிண்டே போடாமல் விட்டு, பில்லில் 30 ஏறிப் பணமும் போய்விட்டால்? சிவப்பு வராது. சீட்டு சுத்தமாம்! ஒரே சீட்டு எண்ணில் எத்தனை வெவ்வேறு மதிப்பு என்று எண்ணும்போது, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் காலியை (NULL) சேர்ப்பதில்லை. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் ஒப்பிட்டாலும் அதே கதைதான். சப்போர்ட்டில் கேட்டால், "டேட்டாபேஸே அப்படித்தான் சார்." வாஸ்தவம், அது அவர்கள் தப்பில்லை. ஆனால் காலி வந்தால் -1 என்று வைத்து எண்ணு என ஒரு வரி சேர்க்க இரண்டு வருடமா? நானே சொல்லியும் கொடுத்தேன். "அடுத்த அப்டேட்டில்" என்கிறார்கள்.

அதனால் சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் எக்செலில் இறக்கி, கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS) என்ற எண்ணும் ஃபார்முலா இரண்டு போடுகிறேன். சீட்டு எண் எத்தனை முறை வருகிறது, அதே சீட்டு அதே பாயிண்டோடு எத்தனை முறை வருகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கலர். காலி வரியில் இரண்டாவது எண்ணிக்கை 0 ஆகிவிடும், தப்பிக்க முடியாது.

நண்பரிடம் வாங்காதீங்க என்று சொல்லி, அந்த ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நேற்று முதலாளி அதே சாப்ட்வேருக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கலாமா என்று கேட்டார். சரியென்று தலையாட்டினேன். ஜனவரியில் கேட்டுக்கு வெளியே லாரி வரிசை கட்டி நிற்கும்போது சனிக்கிழமை வரை யார் காத்திருப்பது?