சென்னைக்குப் போய் வயித்து ஆபரேஷன் பண்ணப் போறீங்களா? "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" பேக்கேஜ்ல நான் பட்ட பாடு

மொதல்லயே சொல்லிர்றேன், ஆபரேஷன் பண்ண டாக்டர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. தையல் அம்புட்டு சுத்தமா போட்டுருக்காரு, நானும் தையக்காரி தான், ஒரு தையலப் பாத்தா எனக்குத் தெரியும். நான் ஏமாந்தது நடுவுல இருந்த கோஆர்டினேட்டர்கிட்ட. ஆபரேஷன் மூணு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் எங்க தங்குறது, யாரு பாத்துக்குறது, எப்படி ஊருக்குத் திரும்புறதுன்னு இருக்கே, அத தூக்கி ஒரு வாட்ஸ்அப் நம்பர்கிட்ட குடுத்தேன் பாருங்க, அங்க தான் புத்தி கெட்டுப் போச்சு.

எனக்கு திருமங்கலம் பக்கம், சின்னதா டெய்லர் கடை. ரெண்டு புள்ளையும் சிசேரியன். ரெண்டாவதுக்கு அப்புறம் வயித்துத் தோலு மடிஞ்சு தொங்கிருச்சு, சித்திரை வெயில்ல அந்த மடிப்புக்குள்ள வேர்த்து வேர்த்து புண்ணாயிரும், பவுடர் போட்டே ஓட்டுனேன். பெரியார்லேர்ந்து வர்ற பஸ்ல ஒரு அம்மா எந்திரிச்சு எடம் குடுத்துட்டு "எத்தன மாசம்மா"ன்னு கேட்டுச்சு, என் சின்னவனுக்கு அப்ப ஏழு வயசு. ஸ்கேன் எடுத்துப் பாத்தா வயித்துத் தசை நடுவுல நல்லா விலகியிருக்கு, இந்த அளவுக்கு விலகுனது எக்சர்சைஸ்ல சேராது, தச்சு தான் சேக்கணும்னுட்டாங்க. மிச்சத் தோல வெட்டி எடுத்துட்டு தசையத் தச்சுச் சேக்குறது, டம்மி டக்னு சொல்றாங்கள்ல, அது தான்.

மதுரையில பண்ண முடியாதான்னு கேப்பீங்க. நல்லாவே முடியும். இங்க பிளாஸ்டிக் சர்ஜன்ஸ் இருக்காங்க, நம்ம பெரியாஸ்பத்திரியிலயே அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. ஆனா மதுரையில எந்த ஆஸ்பத்திரியில படுத்தாலும் சாயங்காலத்துக்குள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலோட நாலு சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க. அழகுக்குப் பண்ணிக்கிட்டாளாம்னு பேச்சு வரும். அதனால மாமியார்கிட்ட ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லிட்டு, எங்க வீட்டுக்காரரு, எங்கம்மா ரெண்டு பேருக்கு மட்டும் விசயத்தச் சொல்லி கெளம்புனேன். யார்கிட்டயும் சொல்லாம வர்றாங்கள்ல, அது தான் இந்த கோஆர்டினேட்டர் கூட்டத்துக்கு மொதலே. விசாரிக்க மாட்டோம், அப்புறம் சண்டையும் போட மாட்டோம்.

போன்ல விளம்பரம் வந்துச்சு, வெளியூர் பேஷண்டுகளுக்கு ஸ்பெஷல் பேக்கேஜ், ஆபரேஷன், 10 நாள் தங்குற ரூம், 24 மணி நேர நர்ஸ், சாப்பாடு, போக வர டிக்கெட், வயித்துல கட்டுற பெல்ட் எல்லாம் சேத்து 1,95,000 ரூபா. ரூம் போட்டோ அனுப்புனாங்க, முதுகுப் பக்கம் தூக்குற கட்டிலு, ஜன்னல்ல ரிங்கு வெச்ச ரோஸ் கலர் ஸ்க்ரீன். நான் ஸ்க்ரீன் தச்சுக் குடுக்குறவ, அந்த மடிப்பு விழுந்துருந்த அழகப் பாத்துட்டே நல்ல எடம்னு முடிவு பண்ணிட்டேன், சிரிக்காதீங்க. அந்தக் கோஆர்டினேட்டர் பொண்ணு பேச்சுக்குப் பேச்சு "அக்கா அக்கா"ன்னுச்சு. அட்வான்ஸ் 40,000 ஜிபே பண்ணேன், ஆஸ்பத்திரி அக்கவுண்டுக்கு இல்ல, அந்தப் பொண்ணோட சொந்த நம்பருக்கு.

அட்மிஷன் அன்னிக்கு கவுண்டர்ல மொத அடி. ஆஸ்பத்திரி பில்லு 1,40,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி 25,200 தனியா கட்டுங்கன்னாங்க. வைத்தியத்துக்கு ஏதுங்க ஜிஎஸ்டின்னு எங்க வீட்டுக்காரரு சத்தம் போட்டாரு. இது எங்களுக்குத் தெரியாமப் போச்சு, சாதாரண வைத்தியத்துக்குத் தான் வரி விலக்கு, காஸ்மெட்டிக் ஆபரேஷனுக்கு 18 சதவீதம் உண்டு. பிறவிக் குறை, அடிபட்டது, தீக்காயம்னு சரி பண்றதுக்கு மட்டும் கெடையாது. அப்ப ஆஸ்பத்திரி மேல தப்பில்ல, "எல்லாம் சேத்து"ன்னு சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட கேட்டா "டாக்ஸ் எப்பவும் எக்ஸ்ட்ரா தானக்கா"ங்குது. கையில இருந்தத வெச்சுக் கட்டுனோம். மெடிக்கல் பாலிசி இருக்கு, ஆனா காஸ்மெட்டிக்குன்னா எந்த பாலிசியும் பைசா தராது, அது முன்னாடியே தெரியும்.

ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி. மறுநாள் மத்தியானம் டிஸ்சார்ஜ் பண்ணி அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. இந்த ஆபரேஷன் பண்ணவங்க மொத ஒரு வாரம் கூன் போட்ட மாதிரி குனிஞ்சு தான் நடக்கணும், நிமிந்தா தையல் இழுக்கும். அப்படியே குனிஞ்சுக்கிட்டு, வயித்துலேர்ந்து தொங்குற டியூபப் பிடிச்சுக்கிட்டு படி ஏறுனேன், ஒவ்வொரு திருப்பத்துலயும் உக்காந்து உக்காந்து. உள்ள போனா மூணு கட்டிலு, மூணும் தட்டையான இரும்புக் கட்டிலு. முதுகும் முழங்காலும் ஒசந்து இருக்குற மாதிரி படுக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அங்க இருந்தது ஒத்தத் தலகாணி. எல்லாத்தையும் தூக்கி அடிச்சது பாத்ரூம். நாட்டுக் கக்கூஸ். வயித்துல இந்தப் பக்க இடுப்புலேர்ந்து அந்தப் பக்க இடுப்பு வரைக்கும் தையல் போட்ட பொம்பள எப்படிங்க குத்த வெச்சு உக்காருவா? எங்க வீட்டுக்காரரு ராத்திரியே கடையத் தேடிப் போயி பிளாஸ்டிக் கம்மோடு சேர் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. "ஆம்பளைங்க இங்க தங்கக்கூடாது, நர்ஸ் இருக்காங்க"ன்னு சொல்லி மறுநாள் அவரையும் அனுப்பிட்டாய்ங்க. அவருக்கும் கப்பலூர் பட்டறையில லீவு இல்ல, கெளம்பிட்டாரு. அன்னிக்கு நான் அழுது அடம் பிடிச்சாவது அவர நிறுத்தியிருக்கணும்.

நர்ஸுன்னு சொன்னது ஒரு சின்னப் பொண்ணு, பாவம், அது மேல கோவமில்ல, எதுவும் படிக்காத புள்ள. டிரெயின் டியூபுன்னு வயித்துலேர்ந்து வரும், அதோட நுனியில பிளாஸ்டிக் பல்பு மாதிரி ஒண்ணு, உள்ள ஊறுற ரத்தத் தண்ணி அதுல சேரும். தெனம் எவ்வளவு வருதுன்னு அளந்து எழுதணும், 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழ ரெண்டு நாள் தொடந்து வந்தா தான் டியூப எடுப்பேன்னு டாக்டர் சொன்னது. இந்தப் புள்ள பல்ப அப்படியே கக்கூஸ்ல கவுத்து ஊத்திட்டு நோட்டுல 30னு எழுதும். அடுத்த நாள் 25னு எழுதுச்சு. எனக்கு அளவு எடுக்குறது தான் பொழப்பு, கண்ணாலயே இது அவ்வளவு இல்ல, சாஸ்தின்னு தெரியுது. கோடு போட்ட மருந்து கப்புல ஊத்தி ஊத்திப் பாத்தேன், ரெண்டு வேளையும் சேத்து 85. "ஏம்மா இப்படி எழுதுற"ன்னா, "கோஆர்டினேட்டர் மேடம் தான்க்கா கம்மியா எழுதச் சொன்னாங்க"ன்னுச்சு. ஏன்னு அடுத்த நாளே வெளங்கிருச்சு.

அஞ்சாவது நாள் சாயங்காலம் 4 மணிக்கு வாட்ஸ்அப்ல டிக்கெட் வந்து விழுகுது. அன்னிக்கு ராத்திரி 9.30க்கு கிளாம்பாக்கத்துலேர்ந்து மதுரைக்கு ஆம்னி பஸ், ஸ்லீப்பர். 10 நாள்னு தான பேசுனோம்னு கோஆர்டினேட்டர் பொண்ணுக்குப் போன் போட்டா "உங்களுக்கு சூப்பரா ரெக்கவரி ஆயிருச்சுக்கா, டியூபுல வர்ற தண்ணி கம்மியாயிருச்சு, மதுரையில எந்த டாக்டர்னாலும் உருவி விட்டுருவாங்க, இந்த கட்டிலுக்கு நாளைக்கு வேற பேஷண்ட் வர்றாங்க"ன்னு படபடன்னு சொல்லி வெச்சிருச்சு. ஊருக்குப் போனா போதும்னு ஆயிப்போச்சு எனக்கு, கெளம்பிட்டேன், ஒத்தையில.

பஸ்ல ஏறிப் பாத்தா எனக்குப் போட்டது மேல் பெர்த்து. ரெண்டு கம்பியில கால வெச்சு எம்பி ஏறணும், நல்லா இருக்குறவங்களே திணறுவாங்க. நைட்டிக்குள்ள பல்ப ஊக்கு போட்டு மாட்டியிருக்கேன், மேல சால்வை. கிளீனரு "ஏறுங்கம்மா, வண்டி எடுக்கணும்"ங்குறாரு, நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு பேசாம நிக்கிறேன், கண்ணுல தண்ணி முட்டுது. கீழ் பெர்த்துல ஒரு காலேஜ் பையன், மேலூராம், என்னத்தப் புரிஞ்சுக்கிட்டானோ, "அக்கா நீங்க இங்க படுங்க"ன்னு விசுக்குனு பையத் தூக்கிட்டு மேல ஏறிட்டான். அவன் நல்லா இருக்கணும். விழுப்புரம் தாண்டி ஒரு மோட்டல்ல நிறுத்துனாங்க, பல்பு நெறஞ்சு பலூன் மாதிரி உப்பிப் போச்சு, அதுக்கு மேல அது இழுக்காது. அந்த நாத்தம் பிடிச்ச லேடீஸ் பாத்ரூம்ல போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, சானிடைசர் போட்டு, மூடியத் தெறந்து ஊத்தி, பல்ப அமுக்கிப் பிடிச்சு மறுபடி மூடுனேன். வெளிய டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. அந்த மாதிரி எடத்துல டியூபத் தெறந்தா கிருமி உள்ள போக எம்புட்டு நேரமாகும், சொல்லுங்க.

விடிய மாட்டுத்தாவணியில எறங்குனப்ப இடது கெண்டைக்காலு வலி, லேசா வீங்கியிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு நேரா மதுரையிலயே ஒரு சர்ஜன்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அவரு வஞ்சாரு பாருங்க, வாழ்நாளுக்கும் மறக்காது. வயித்துல பெரிய ஆபரேஷன் பண்ணி அஞ்சே நாள்ல எட்டு மணி நேரம் பஸ்ல கால அசைக்காம வந்தா கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையும், அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா ஆளே காலியாயிருவீங்கம்மான்னாரு. உடனே கால்ல ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன். நல்லவேளை, ரத்தக் கட்டி எதுவும் இல்ல. அப்புறம் தான் எங்கக்கா மகன் தேடிக் காமிச்சான், இங்கிலாந்துல டம்மி டக் பண்ணவங்க 7லேர்ந்து 10 நாளைக்கு பிளைட் ஏறக்கூடாதுன்னு சொல்றாங்களாம். பிளைட்டுக்கே அப்படின்னா பஸ்ஸ என்ன சொல்ல?

"எந்த டாக்டரும் உருவி விட்டுருவாங்க"ன்னதும் பொய்யி. இன்னொருத்தர் வெச்ச டியூபத் தொட யாரும் யோசிக்கத் தான் செய்வாங்க, உள்ள என்ன பண்ணாங்க, எங்க வெச்சாங்கன்னு ஆபரேஷன் நோட்ஸ் கேட்டாரு, என்கிட்ட இருந்தது ஒத்தத் தாள் டிஸ்சார்ஜ் சம்மரி. அதுல இருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டு, ஒருவழியா சென்னை டாக்டரே லைன்ல வந்தாரு. "நீங்க சென்னையில சொந்தக்காரங்க வீட்டுல இருக்கறதா தானம்மா எனக்குச் சொன்னாங்க, பத்தாம் நாள் ரிவ்யூன்னு எழுதியே குடுத்தேனே"ன்னாரு. சம்மரியத் திருப்பிப் பாத்தா கீழ எழுதியிருக்கு, நான் தான் படிக்கல. ரெண்டு டாக்டரும் போன்ல பேசி, 13வது நாள் டியூப எடுத்தாங்க. அப்புறமும் உள்ள தண்ணி கோத்துக்கிச்சு, சீரோமான்னு பேரு, ஊசி போட்டு ரெண்டு தடவ உறிஞ்சி எடுத்தாங்க. அவிங்க குடுத்த பெல்ட்டு என் அளவே இல்ல, இடுப்புல சுருண்டு தையலு மேலயே அறுத்துச்சு, ஆறு வாரம் போட வேண்டியத வேற வாங்கிப் போட்டேன். டியூப் இருந்த வரைக்கும் பல்ப வைக்க லைனிங் துணியில கழுத்துல மாட்டுற மாதிரி ஒரு பை நானே தச்சுக்கிட்டேன், யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, காசு வேணாம்.

1,95,000ல ஆஸ்பத்திரிக்குப் போனது 1,40,000. மிச்சம் 55,000க்கு எனக்குக் கெடச்சது நாலு ராத்திரி இரும்புக் கட்டிலு, போறப்ப ஒரு ரயில் டிக்கெட்டு, வர்றப்ப அந்த மேல் பெர்த்து. இப்ப உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆஸ்பத்திரி பக்கத்துலயே லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருக்குற லாட்ஜ் 1,500 ரூபான்னு 10 நாள், சாப்பாடு, டிரெஸ்ஸிங்குக்கு வந்து போற நர்ஸ், திரும்பி வர்றதுக்கு பின் சீட்டுல சாஞ்சு படுத்துக்கிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கி நடந்து நடந்து வர்ற மாதிரி ஒரு கார், எல்லாம் சேத்து 35,000 கூட தாண்டாது. துணைக்கு எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயிருந்தா இது எதுவுமே நடந்துருக்காது. போகணும்னா டாக்டர்கிட்டயே நேரா உக்காந்து, நான் 460 கிலோமீட்டர் தள்ளியிருந்து வர்றேன், எப்ப கெளம்பலாம், ஊர்ல எனக்கு ஏதாவதுன்னா யாரப் பாக்கணும்னு உங்க வாயால கேளுங்க. அவரு எம்சிஹெச் இல்லன்னா டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவரான்னு பாருங்க, அது ஒண்ண மட்டும் நான் உருப்படியா பாத்தேன். காச ஆஸ்பத்திரி கவுண்டர்ல கட்டி பில்லு வாங்குங்க. ஆபரேஷன் நோட்ஸ் கேட்டா 72 மணி நேரத்துல குடுத்தாகணும்னு டாக்டர்களுக்கு விதியே இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடியே கையில வாங்கிருங்க.

காசு கேட்டு மூணு மாசம் போன் போட்டேன், எடுக்க மாட்டேங்குறாய்ங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டுனு மெசேஜ் போட்ட மறுநாள் 12,000 ஜிபேல வந்து விழுந்துச்சு, கூடவே "இத்தோட முடிச்சுக்கலாம்கா"ன்னு ஒரு கும்பிடு பொம்மை. நான் முடிக்கல. 1915ங்குற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல கூப்ட்டுக் கேட்டேன், 2019 நுகர்வோர் சட்டப்படி நம்ம இருக்குற ஊருலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். மதுரை நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போட பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிட்டேன், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், பொய்க்கணக்கு எழுதுன அந்த நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வெச்சுருக்கேன். மாமியாருக்கும் விசயம் தெரிஞ்சு போச்சு, "இதுக்கா அம்புட்டு தூரம் போன"ன்னு மட்டும் தான் கேட்டாங்க.

போன வாரம் நாத்தனாரு போன்ல ஒரு விளம்பரத்தக் காமிச்சு இது எப்படி அண்ணின்னு கேக்குது. வேற பேரு, வேற நம்பரு, வெளியூர் பேஷண்ட் பேக்கேஜ், விலை மட்டும் 10,000 ஏத்தியிருக்காய்ங்க. ரூம் போட்டோவுல தூக்குற கட்டிலு, ஜன்னல்ல அதே ரிங்கு வெச்ச ரோஸ் ஸ்க்ரீன். நான் படுத்துக் கெடந்த ரூம்ல ஜன்னலே கெடையாதுங்க.