ஹட்டனில் ஒரு பூஜைச் சாமான் கடை: பன்னிரண்டு வருஷம் கழித்து விளக்கு ஏற்றியவன் எழுதுவது

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறுகிற ஒரு படிக்கட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கடை இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அக்கா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வாசலில் மஞ்சள் கயிறும் செம்புக் குடமும் தொங்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். மூன்று மாதத்தில் ஆறு தடவை போய்விட்டேன்.

முதலில் நான் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடையில் என்ன விசேஷம் என்று புரியாது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். 2013இல் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வைக்காத நேர்த்தி இல்லை, காவடி எடுக்கிறேன், கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்றெல்லாம் வேண்டினேன். அப்பா போய்விட்டார். அதோடு விட்டுவிட்டேன். யாரோடும் வாதம் செய்யவில்லை. கேட்டேன், கிடைக்கவில்லை, சரி, அவ்வளவுதான். கொழும்பில் வேலை, சாமிப் படமே இல்லாத அறை. திருவிழாவுக்கு ஊருக்கு வந்தாலும் சாமி லயத்துப் பக்கம் வரும்போது நான் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது லீவில் வீட்டில் இருந்தேன். மண்சரிவு என்றால் எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயத்தோடு சேர்த்து ஆட்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ராத்திரி எங்கேயோ மேலே மண் இறங்கியது, லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அது நிற்கவே இல்லை. இருட்டில் ஒரு அப்பாயி தேவாரம் பாட ஆரம்பித்தார், இரண்டாவது வரியில் என் வாயும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் சைவ சமயப் பாடத்துக்காக மனப்பாடம் செய்தது, ஒரு சொல் தப்பாமல் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது, பாட்டு இருந்தது, விடியும்வரை அது போதுமாக இருந்தது.

கொழும்புக்குத் திரும்பியதும் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் போல இருந்தது. அங்கே ஒரு கடைக்குப் போனேன். என்ன கஷ்டம் என்று கேட்டார்கள், நான் சொல்லச் சொல்ல தட்டில் சாமான் ஏறிக்கொண்டே போனது. யந்திரம், கல்லு வைத்த மோதிரம், இன்னும் என்னென்னவோ. கடைசியில் 18,500 ரூபாய். வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன், வந்த பிறகு இன்னும் மோசமாக இருந்தது. பயந்து திரும்பி வருகிற மனிதனிடம் இப்படி நடந்துகொள்வது பெரிய பாவம் என்று மனதாரச் சொல்கிறேன்.

இப்போது ஹட்டன் அக்கா. "கடைசியா எப்ப தம்பி வெளக்கு வச்சீங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப புதுசு வாங்காதீங்க. அம்மாவோட வெளக்கு வீட்டுல இருக்கும், பழப்புளி போட்டுத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு விளக்கு விற்க மறுத்துவிட்டார். திரி கொடுத்தார். ஒரு போத்தலைக் கவிழ்த்துக் காட்டினார், உள்ளே தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து அசையாமல் நின்றது. இந்தக் குளிரில் தனித் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் திரி சரியாகப் பிடிக்காது, கொஞ்சம் நல்லெண்ணெய் கலக்கச் சொன்னார். இரண்டு கற்பூரத்தைப் பற்றவைத்தும் காட்டினார். ஒன்று தட்டில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போனது, மற்றது கறுப்பாக ஒட்டிக்கொண்டது. எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய்.

அப்புறம் சும்மா நின்று கவனித்தால்கூட இந்தக் கடையில் நிறையத் தெரியும். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒரு தங்கச்சி, போன உடனே மறைத்து வைத்த தாயத்தை மறுபடி கட்ட கறுப்புக் கயிறு கேட்டார். சிவனொளிபாதமலை சீசனில், அதாவது மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரைக்கும், சிங்கள ஆட்களும் வெள்ளை நூல் வாங்க வருவார்கள், மலையேறும்போது வழியில் ஊசி குத்தி நூல் கட்டுகிற இடம் இருக்கிறது. அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி வாங்குகிறவர்களும் உண்டு.

ஒரு பெரியவரை மறக்க முடியாது. ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வாலிபத்தில் யூனியன்காரர், கோயில் பக்கமே போகாதவர் என்று அவரே சொன்னார். சுருட்டும் எலுமிச்சம்பழமும் ரோதை முனிக்காக வாங்கினார். தெரியாதவர்களுக்கு: தேயிலை ஃபெக்டரியில் ரோதையை, அதாவது மெஷின் சக்கரத்தை, காக்கிற சாமி ரோதை முனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் கும்பிடக் கவ்வாத்துச் சாமியும் உண்டு. "இப்ப நம்புறீங்களா மாமா?" என்று கேட்டேன். "லயம் தொரையோடது, மரம் தொரையோடது, நிக்கிற மண்ணு தொரையோடது. அந்தச் சாமிக் கல்லு மட்டுந்தான் நாம நட்டது" என்றார்.

வயசானால், பயம் வந்தால், காசு இல்லாமல் போனால் மனிதன் கோயிலுக்குத் திரும்புவான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், என்னையே பாருங்கள். ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதுதான் எனக்குள் நிற்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்கள், செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் மாரியம்மனைத்தான் முதலில் வைத்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு நாடில்லாதவர்களாக ஆனபோதும் நாளுக்குப் பேர் போட்டு வாங்கிய சம்பளத்தில் சந்தா கொடுத்துக் கோயில் கட்டினார்கள். திரும்பிப் போகிறவனுக்கு அங்கே ஏற்கனவே ஒரு இடம் இருக்கிறது, தாத்தா காசு கட்டி வைத்த இடம்.

குறையும் இருக்கிறது. எதிலும் விலை ஒட்டியிருக்காது, கார்ட் எடுக்க மாட்டார்கள். ஊதுபத்தி பழசு, வாசம் போயிருக்கிறது. பித்தளைச் சாமான் மெல்லிசு, நல்ல குத்துவிளக்கு வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் பேச நேரம் கிடைக்காது, வேலை நாளில் காலையில் போங்கள்.

போன வாரம் திரி வாங்கப் போனபோது, ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன். கேட்டது கிடைக்கவில்லை, கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்ற அந்த நேர்த்தியைச் செய்யத்தான் வேண்டுமா? அக்கா திரியை எண்ணி முடிக்கும்வரை பேசவில்லை.

"அப்பாவுக்காக வச்சதுதானே. நடக்கணும்னு தோணினா நடங்க தம்பி, தோணலைன்னா யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க."

நடக்கிறேன் என்றேன்.

"அப்ப ஆடிக்கு ரெண்டு வாரம் முன்னால வாங்க. காவி வேட்டி புதுசா வரும், ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."