டல்சிமரில் மலைப்பாட்டு மட்டும்தான் வருமா?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் பிறந்த தந்தி வாத்தியமான டல்சிமரைச் சில வருடங்களாக மடியில் கிடத்தி வாசித்து வருகிறேன். (அதே பெயரில் சிறு கோலால் தட்டி வாசிப்பது வேறு வாத்தியம், அது சந்தூருக்கு உறவு.) பழைய நாட்டுப்பாடல்களைத் தாண்டி இதில் என்ன வரும் என்று பலர் கேட்கிறார்கள். நிறையவே வரும்.

கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு (ஸ்வரத்துக்காகத் தந்திக்கடியில் பதித்த குறுக்குக் கம்பி, fret). டல்சிமரில் ஆதியில் 7தான். தந்திகளை டி-ஏ-டி, அதாவது ச-ப-ச என்று கூட்டினால், விரல் வைக்காத திறந்த தந்தியிலிருந்து அப்படியே ஹரிகாம்போஜி ராகம் ஏறும். இப்போது பெரும்பாலான வாத்தியங்களில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ‘ஆறரை’ மெட்டு ஒன்றைக் கூடுதலாக வைக்கிறார்கள். அதில் காகலி நிஷாதம் (மேல் ‘ச’வுக்கு அரை ஸ்வரம் கீழே உள்ள ‘நி’) கிடைப்பதால் சங்கராபரணமும் கைக்கு வந்துவிடும். மற்ற தந்திகள் தம்புரா மாதிரி ஓடிக்கொண்டே இருக்க, மேல்தந்தியில் மோகனம் வாசிப்பது தனி சுகம். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம்தான் அரைகுறை. தந்தியை ஓரமாக இழுத்துக் கொஞ்சம் வளைக்கலாம், வீணையின் இழுப்பு வராது. கமகத்தையே நம்பியிருக்கும் தோடி ஆலாபனை ஆசையெல்லாம் வேண்டாம்.

பாப், ராக் பக்கம் இதற்கு நல்ல வரலாறு உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் 1966-ம் வருடப் பாடலான ‘லேடி ஜேன்’-ல் பிரையன் ஜோன்ஸ் வாசித்தது டல்சிமர்தான். ஜோனி மிட்செல் 1971-ல் வெளியிட்ட ‘ப்ளூ’ ஆல்பத்தைக் கேளுங்கள். அதில் சில பாடல்களில் டல்சிமர்தான் தாளத்தையும் தாங்கிப் போகிறது. எனக்கு அந்த ஆல்பமே பெரிய பாடம்.

ப்ளூஸுக்கு ‘ஒன்றரை’ மெட்டு தேவை. சாதாரண காந்தாரம் (மைனர் ஸ்கேலின் ‘க’) அங்கே இருக்கிறது. அது இல்லாத வாத்தியம் என்றால் முதல் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள், சுருதி ஈ-க்கு ஏறி மைனர் பாட்டுகள் வந்துவிடும். அப்புறம், விரல்களால் மீட்டினால் மெல்லிசைக்கு அருமையாகப் பொருந்தும்.

நடுவில் சுருதி மாறும் பாட்டு, அந்நிய ஸ்வரம் அடிக்கடி எட்டிப்பார்க்கும் சினிமாப் பாட்டு, ஜாஸ் இதெல்லாம் திணறல்தான். 12 மெட்டும் வைத்த டல்சிமரும் கிடைக்கிறது. ஆனால் எங்கே விரல் வைத்தாலும் பெரும்பாலும் இனிக்கும் அந்தச் சலுகை அதில் போய்விடும் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. ஒலியும் சன்னம், டிரம்ஸுடன் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் கட்டாயம். புதிதாக வாங்குகிறவர்கள் ஆறரையோடு ஒன்றரையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பிறகு வைக்கச் சொன்னால் கூலி தனி, கைதேர்ந்த ஆளையும் தேட வேண்டும்.