கிருஷ்ணகிரி வீட்டில் பெரிய டிவிக்கு ஒரு கேமிங் கணினி

சிங்கப்பூரிலிருந்து ஜூன் விடுமுறைக்குக் கிருஷ்ணகிரி வந்திருந்தபோது, அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருக்கும் 65 அங்குல 4கே டிவியில் விளையாடுவதற்கென்று அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு கணினி அமைத்துக் கொடுத்தேன். இந்த வேலைக்கு நம் ஊரில் எந்தச் சேவை நன்றாகக் கிடைக்கிறது, எதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை, விடுமுறைக்கு வரும் மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பாகங்களைச் சிங்கப்பூரிலேயே வாங்கி வந்திருக்கலாமே என்று உறவினர் சிலர் கேட்டனர். கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு போன்றவற்றின் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே செல்லும் என்பதால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தாலும் இந்திய பில் கையில் இருப்பதையே நான் விரும்பினேன். ஊர்க் கணினிக் கடைகளில் அலுவலகக் கணினிக்கான பாகங்கள்தாம் கையிருப்பில் இருக்கின்றன. ஆனால் கணினிப் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு சுமார் 90 கிலோமீட்டரில் இருப்பதால், கேட்டதை வரவழைத்துத் தருவதில் கடைக்காரருக்குச் சிரமம் இருக்கவில்லை. ரைசன் 5 7600 பிராசஸரும் 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4070 கார்டும் எடுத்தோம். 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள், அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. அவ்வளவையும் நேரடியாக வரைவது இந்தக் கார்டுக்கும் பல விளையாட்டுகளில் சுமைதான் என்பதால், குறைந்த புள்ளிகளில் வரைந்து அதை 4கே அளவுக்குப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் பயன்படுத்துவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். கடைக்காரர் பாகங்களை நேர்த்தியாகப் பூட்டி, வயர்களைப் பின்புறமாக ஒதுக்கிக் கட்டி, பல மணி நேரம் ஓடவிட்டுச் சூடு பார்த்த பிறகே கொடுத்தார். அதற்கு அவர் வாங்கிய கூலி, சிங்கப்பூரில் யாரும் திரும்பிப் பார்க்காத தொகை.

என்னை மிகவும் கவர்ந்தது எலக்ட்ரீஷியனின் வேலை. கணினியை இயக்கியவுடன் அதன் இரும்பு கேபினட்டில் விரல் பட்டால் சுரீரென்றது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும்; சுவர் பிளக்கில் எர்த் இல்லாவிட்டால், 230 வோல்ட்டில் பாதி அளவு மின்னழுத்தம், மிகக் குறைந்த மின்னோட்டத்துடன், கேபினட்டில் தேங்கி நிற்கும். இதை விரலின் எரிச்சலோடு விட்டுவிட முடியாது, ஏனெனில் கேபிள் டிவி ஒயர் வேறொரு மின்நிலையில் வந்து செட்டாப் பாக்ஸ் வழியே அதே டிவியைத் தொடுகிறது. இடிமழைக் காலத்தில் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் கருகுவதற்கு இதுவும் ஒரு வழி. வந்தவர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்பைப் பிடித்துக் காட்டி, "சார், பல்பு எரியலை பாருங்க, எர்த் இங்க வந்து சேரவே இல்லை" என்றார். ஜங்ஷன் பாக்ஸில் விட்டுப்போயிருந்த இணைப்பைச் சேர்த்ததோடு நிற்காமல், வீட்டின் பின்புறம் எர்த் குழியையும் பார்த்துக் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, பாறை நிலமாகையால் கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டு இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலைக்கு மாற்றியவரும் அவரே. மற்ற நிலையில் மின்சாரம் மாறுவதற்கு ஆகும் இடைவெளியில் கணினி அணைந்து எழும்.

டிவியைப் பொருத்திய ஆளிடம் இந்த அக்கறையை எதிர்பார்க்க முடியவில்லை. சுவரில் மட்டம் பார்த்து மாட்டினார், சேனல்களைக் காட்டினார், கிளம்பிவிட்டார். 4கேயில் நொடிக்கு 120 பிரேம் காட்ட எச்டிஎம்ஐ 2.1 தேவை; பல டிவிகளில் அந்த வசதி ஓரிரு போர்ட்டுகளில் மட்டுமே இருக்கும். அந்தப் போர்ட் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே சரியான போர்ட்டைத் தேடியது, 'அல்ட்ரா ஹைஸ்பீடு' என்று அச்சிட்ட கேபிளை வாங்கியது, எழுத்துகளின் விளிம்பில் நிறம் கசியாமலிருக்க அந்த இன்புட்டுக்குப் 'பிசி' என்று பெயரிட்டது, கேம் மோடை இயக்கியது எல்லாம் எங்கள் வேலையாயிற்று. கேம் மோடு இல்லாமல் படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி செய்துகொண்டிருந்தால், பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும். பந்தய விளையாட்டில் வண்டி வளைவைத் தாண்டிய பிறகுதான் திரும்பும். கேபிளின் மறுமுனையைக் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு எழுதியே வைத்தேன்.

பணம் செலுத்துவதில் சிக்கல் இல்லை. சிங்கப்பூர் எண்ணிலேயே வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐயில் கொடுத்தேன்.

இனி இருப்பது பராமரிப்பு. நெடுஞ்சாலைப் புழுதி ஜன்னல் வழியே தாராளமாக வருகிறது. எனவே கணினியை டிவி அலமாரிக்குள் அடைக்காமல் பக்கத்தில் வெளியே வைத்திருக்கிறோம். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில், கடைக்காரர் வீட்டுக்கே வந்து புளோயரால் ஊதிச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். புளோயரை இயக்க இன்வெர்ட்டர் தாங்குமா என்று மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.