வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கு எது சேரும்: வீடியோ வகுப்பா, வாட்ஸப்பா, கல்வி டிவியா, சாதா போன் காலா?

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கும் டீச்சர், சார் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். பெரிய வகுப்புக் கணக்கு வேறு. அவர்கள் ஒரு வீடியோவைப் பார்த்துத் தாங்களே குறிப்பெடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் இருப்பவர்கள் எழுத்துக் கூட்டுகிறவர்கள், கடன் வாங்கிக் கழிக்க விரலை மடக்குகிறவர்கள். இவர்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் பாடமும் விட்டுப்போகாமல், பள்ளிக்கூடத்தோடு இருக்கும் ஒட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள எது உருப்படியான வழி என்பதுதான் கேள்வி.

கொரோனா முடிந்துபோன கதைதானே என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன, சரி, அது ஒரு காலம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போதும் பள்ளிக்கூடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை லீவு வருகிறது. அம்மை போட்ட பிள்ளை தண்ணி ஊற்றும் வரை வீட்டில்தான், பொன்னுக்கு வீங்கி வந்தாலும் அப்படித்தான். ஆக இது வருஷா வருஷம் நம் முன்னால் வந்து நிற்கிற விஷயம்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் இடம் சாதா போன் காலும் கையில் ஒரு பயிற்சித் தாளும். அடுத்தது வாட்ஸப்பில் குரல் பதிவு. அரசின் கல்வி டிவி துணைக்கு இருக்கட்டும். நேரலை வீடியோ வகுப்புக்குக் கடைசி இடம்தான் தருவேன், அதுவும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்பதைத்தான். நெல்லை மாவட்டத்தில் முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் அம்மா பகல் முழுக்க மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார், கடைக்குக் கணக்குக் கொடுக்கிற வரை கை ஓயாது. நல்ல போன் அப்பாவிடம் இருக்கும், அவர் பெயிண்ட் வேலைக்கோ லோடு ஏற்றவோ போயிருப்பார். "அவுக ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் வருவாவ டீச்சர், அதுக்குள்ள இவன் உறங்கிருவான்" என்று ஒரு அம்மா சொன்னால் அது சாக்கு இல்லை, அந்த வீட்டின் நேரக் கணக்கு. ஜூன் மாதமே ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை எழுதி வைத்துவிடுங்கள், பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்து. இந்த நோட்டு இல்லாமல் எந்த ஆப்பைப் பற்றிப் பேசியும் பிரயோஜனம் இல்லை.

இப்போது வீடியோ வகுப்பு. கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம். நம் பிள்ளைகளுக்கு அந்த நேரம் தாராளம், அதில் குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேர வீடியோ அரை ஜிபி, சில சமயம் ஒரு ஜிபி வரை இழுத்துவிடும், நாளொன்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ ஜிபி கிடைக்கும் பேக்கில் அது பெரிய பங்கு, அந்த வீட்டில் அண்ணனும் அக்காவும் படிக்கிறார்கள் என்றால் யாருடைய வகுப்பை விடுவது என்ற சண்டை வரும். பாபநாசத்துக்கு மேலே காரையார் பக்கம் போய்விட்டால் சிக்னலே பாறை மேல் ஏறி நின்று தேட வேண்டிய பொருள். அதையெல்லாம் தாண்டி உள்ளே வந்த பிள்ளையும் என்ன செய்கிறது? இருபது முகங்கள் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிகின்றன, யாரோ ஒருவர் வீட்டில் மிக்சி ஓடுகிறது, மியூட்டைப் போடச் சொல்லி, எடுக்கச் சொல்லியே பாதி நேரம் போகிறது, வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை கேமராவை மேலே திருப்பி விட்டத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நன்றாகப் படிக்கிற நாலைந்து பேர் மட்டும் பதில் சொல்வார்கள். அதைப் பார்த்து வகுப்பு நன்றாகப் போனது என்று நாம் நினைத்துக்கொள்ளும் ஆபத்து இதில்தான் அதிகம்.

ஆனால் வீடியோவுக்கு ஒரு வேலை உண்டு, அதை வேறு எதுவும் செய்யாது. முகம் பார்ப்பது. நீண்ட லீவில் பிள்ளைகள் ஏங்கிப்போவது பாடத்துக்கு இல்லை, பக்கத்தில் உட்காருகிறவனுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அப்பாமார் போனோடு வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அரை மணி நேரம், பாடமே இல்லாமல் ஒரு கூட்டம் போடுங்கள். ஆட்டுக்குட்டியைக் காட்டுவார்கள், விழுந்த பல்லைக் காட்டுவார்கள். அது போதும்.

வாட்ஸப் குழு எல்லாருக்கும் பழகிய வழி, அதனாலேயே அதில் உள்ள ஓட்டையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். காலையில் வீட்டுப்பாடத்தைப் போடுகிறோம், ராத்திரி படம் படமாக வந்து விழுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டு படுக்கப் போகிறோம். அந்தப் படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பையனின் நோட்டில் ணகரத்துச் சுழிகள் அத்தனையும் அச்சுப் போல வந்திருக்கும், ஒரு அடித்தல் இருக்காது, அது எட்டாம் வகுப்பு அக்காவின் கை. அவளைக் குறை சொல்ல முடியாது, தம்பி திட்டு வாங்கக் கூடாது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் பையனுக்கு அந்தப் பாடம் வந்ததா, வரவில்லையா என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

இதே வாட்ஸப்பில் படத்துக்குப் பதில் குரலைக் கேட்டால் நிலைமை மாறிவிடுகிறது. புத்தகத்தில் ஒரு பத்தியைச் சொல்லி, மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்து அனுப்பு என்று சொல்லுங்கள். ஒரு நிமிடப் பதிவு கால் எம்பியைக் கூடத் தொடாது, சிக்னல் மோசமான இடத்திலும் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடும், அப்பா எட்டு மணிக்கு வந்தாலும் எட்டே காலுக்கு அனுப்பலாம். அக்கா எழுதிக் கொடுக்கலாம், அக்கா வாசித்து அனுப்ப முடியாது. காதில் வைத்துக் கேட்டாலே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்: 'பள்ளிக்கு' என்பதை 'பல்லிக்கு' என்கிறதா, நம் பக்கத்துப் பழக்கத்தில் 'மழை'யை 'மளை' ஆக்குகிறதா, ஒற்றெழுத்து வரும்போது மூச்சு நிற்கிறதா, இல்லை முழுப் பத்தியையும் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறதா. ஒப்பிக்கிற பிள்ளையின் வேகம் ஒரே சீராக இருக்கும், வாசிக்கிற பிள்ளை வரி முடிவில் கொஞ்சம் தயங்கும். நோட்டுப் படத்தில் இதையெல்லாம் பார்க்கவே முடியாது.

பதிலையும் குரலிலேயே அனுப்புங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லி. "எய்யா, ரெண்டாவது வரி அருமையா வாசிச்சிருக்க, மூணாவது வரியில ஒரு சொல்லை முழுங்கிட்ட, அதை மட்டும் திருப்பி அனுப்பு" என்று வந்தால் அந்தப் பிள்ளை அதை வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டும், ஆச்சி வரைக்கும். இது நமக்கு நேரம் பிடிக்கிற வேலைதான், மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு வகுப்பில் பாதிப் பேர், அடுத்த நாள் மீதிப் பேர் என்று பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

குழுவைப் பற்றி இன்னொன்று, இது அம்மாமார்களுக்காகச் சொல்கிறேன். குழுவில் சேர்ந்தால் அவர்கள் எண் ஊரில் அத்தனை பேர் கைக்கும் போகிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வீட்டில் பேச்சு வாங்குவது அந்தப் பெண்தான், அப்புறம் குழுவை விட்டே போய்விடுவார், பிள்ளையும் சேர்ந்து போய்விடும். அட்மின் மட்டும் பதிவு போடும்படி அமைத்துவிட்டு, குழுவில் அறிவிப்பு மட்டும் போடுங்கள், சேரத் தயங்குகிறவர்களுக்கு அதையே தனியாக அனுப்பிவிடலாம். பிள்ளைகளின் வாசிப்பு உங்கள் தனி எண்ணுக்கு வரட்டும். தப்பாக வாசித்ததை எல்லாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கியது, 2020 ஜூலையிலிருந்து வகுப்பு வாரியாகப் பாடம் ஒளிபரப்பினார்கள். டேட்டா வேண்டாம், போன் வேண்டாம், அம்மா பீடி சுற்றிக்கொண்டே பக்கத்தில் இருக்கலாம் என்ற வகையில் இதற்கு இணை இல்லை. பின்னங்களைப் படம் போட்டு விளக்குவது, அறிவியலில் செடி முளைப்பதைக் காட்டுவது, இதெல்லாம் நம்மால் போனில் முடியாத காரியம். யூடியூபிலும் கிடைப்பதால் நேரம் தவறினாலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டிவி கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காது, ஒரு பிள்ளை கழித்தலில் மாட்டிக்கொண்டால் அதற்காக நிற்காது, அடுத்த கணக்குக்குப் போய்விடும். அதனால் "டிவி பாரு" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு டிவியில் வந்த விதை எது, அதை உங்கள் வீட்டு அடுக்களையில் தேடி எடுத்து வை, நாளைக்குப் போனில் கேட்பேன் என்று ஒரு கொக்கி போட்டு விடுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை திக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் வரும் வீடியோக்களுக்கும் இதே பேச்சுதான், கூடவே நல்ல போனும் டேட்டாவும் வேண்டும்.

இப்போது சாதா போன் கால். பட்டன் போன் போதும், பக்கத்து வீட்டுப் போனும் போதும். உங்கள் போனிலிருந்து ஒருவரை அழைத்து, அடுத்தவரையும் அழைத்து இணைத்துக்கொண்டே போனால் பொதுவாக ஐந்து பேர் வரை ஒரே அழைப்பில் சேர்க்கலாம். அவர்களுக்குக் காசு செலவில்லை, நமக்கும் அன்லிமிட்டெட் பேக் இருந்தால் தனிச் செலவில்லை. ஐந்து பேர் என்பது குறையே இல்லை, சின்ன வகுப்புக்கு அதுதான் சரியான அளவு. கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் கையிலும் ஒரே பயிற்சித் தாள். ஒருவர் முதல் வரி, அடுத்தவர் இரண்டாவது வரி, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தும் ஒன்றாகக் கத்தும். ஒரு மனக்கணக்குக் கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் அந்தப் பக்கம் விரல் எண்ணுகிற முணுமுணுப்புக்கூடக் கேட்கும். "டீச்சர், அவனுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுக்காவ" என்று இன்னொருத்தி காட்டிக்கொடுப்பாள். அந்த ஐந்து பேருக்கும் அது கிட்டத்தட்ட வகுப்பறைதான்.

குறையும் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போனில் பேசிப் பழகியிருக்காது. "சாப்பிட்டியா ராசா?" என்றால் அங்கே தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும், நமக்கு ஒன்றும் கேட்காது, ஆச்சிதான் போனுக்குப் பக்கத்தில் வந்து "தலைய ஆட்டுதான் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று அழைப்புக்கு அப்படித்தான் போகும், விட்டுவிடாதீர்கள், பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டு பேசுவார்கள். கையெழுத்தையும் எழுத்தின் வடிவத்தையும் போனில் பார்க்க முடியாது, அதற்குத்தான் தாள்.

அம்மை போட்டு வீட்டில் கிடக்கிற பிள்ளைக்கு நான் இந்தப் போனைத்தான் முழுக்க நம்புகிறேன். மத்தியான இடைவேளையில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டு வகுப்பையே பேச விட வேண்டும். "ஏல, ஒன் எடத்துல யாரும் உக்காரல, பைய வச்சிருக்கோம்" என்று ஒருவன் சொல்வான். அதைக் கேட்ட பிள்ளை திரும்பி வரும்போது வாசலில் தயங்கி நிற்காது.

தாளைப் பற்றி. ஏ4 இரண்டு பக்கம், ஒரு பக்கம் வாசிப்பு, ஒரு பக்கம் கணக்கு, இடம் விட்டு, பெரிய எழுத்தில். ஊரடங்கு மாதங்களில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள், தாள் கொடுத்தனுப்ப அதைவிட நல்ல நேரம் இல்லை. இப்போது என்றால் அதே தெருவிலிருந்து வருகிற அண்ணனோ அக்காவோ கொண்டுபோவார்கள். எழுதிய தாள் திரும்பி வர வேண்டும், நாம் சிவப்பு மையில் இரண்டு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், அது நடக்காவிட்டால் மூன்றாவது தாளோடு பிள்ளை கைவிட்டுவிடும்.

2023 வெள்ளத்தின்போது மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாத இடங்கள் இருந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, சார்ஜ் இல்லை, ஆற்றங்கரை ஊர்களில் பாடப்புத்தகமே ஊறிப்போனது. அந்த மாதிரி நேரத்தில் தெருவில் இருக்கிற ஆள்தான் வழி. 2021 அக்டோபர் 27-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், பிளஸ் டூ முடித்த பெண்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பழகிய பெண்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். தெருவுக்கு ஒருவரையாவது தெரிந்து வைத்துக்கொண்டு, எழுத்து அட்டையும் கதைப் புத்தகமும் ஒரு பையில் போட்டு அவர் வீட்டுப் பரணில் மழைக்கு முன்பே வைத்துவிட்டால், பாலம் மூழ்கி நம்மால் போக முடியாத நாளிலும் ஒரு திண்ணையில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்து வாசிப்பார்கள்.

ஆகவே இரண்டு மூன்று நாள் மழை லீவு என்றால் தாளும் ஒரு போன் காலும் போதும், வேறு எதையும் கிளப்ப வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் என்றால் குரல் பதிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள். மாதக்கணக்கில் போனால் டிவி, ஞாயிறு வீடியோ, தெருவில் ஒரு ஆள் என்று எல்லாமே வேண்டும். அப்போதும் போன் கால் வரிசையில் முதலில் கூப்பிட வேண்டியது, அதுவரை ஒரு குரல் பதிவுகூட அனுப்பாத பிள்ளையைத்தான்.