சர்ச் கல்லறைத் தோட்டமா, கவுன்சில் கல்லறையா? இங்கிலாந்தில் மண்ணும் கல்லும் யார் கையில்

அம்மாவை அடக்கம் செய்த வாரத்தில் எத்தனை தாள்களில் கையெழுத்துப் போட்டோம் என்று நினைவில்லை. அதில் ஒன்றில் 'கல்லறை உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அன்று காசைக் கட்டியது சித்தப்பா. அதனால் அவர் பெயரையே எழுதிவிட்டோம். எட்டு வருடம் கழித்து அப்பா போனார். அம்மாவின் குழியிலேயே அவரையும் வைக்க வேண்டும் என்று கேட்டோம். உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சித்தப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்திருந்தார். அவர் பெயரில் இருந்த உரிமை எங்களுக்கு வரவில்லை. அவருடைய வாரிசுகளுக்குப் போயிருந்தது. மூன்று பிள்ளைகள், இருவர் கனடாவில். மூவரும் மனதார உதவினார்கள். அப்படியும் சத்தியக் கடதாசி, சாட்சி, தபால் என்று இழுத்ததில் அப்பா மூன்று வாரம் பிணவறையில் கிடந்தார்.

அந்த மூன்று வாரத்தில்தான் இந்தச் சட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன். இங்கே அடக்கம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம். மற்றது கவுன்சில் நடத்தும் பொதுக் கல்லறை. யாழ்ப்பாணத்தில் சேமக்காலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். இங்கே அந்த இரண்டும் வேறு வேறு சட்டத்தில் ஓடுகின்றன. ஓரிடத்தில் மண் மேல் பிடி கிடைக்கும், மற்ற இடத்தில் கிடைக்காது. கல்லில் எழுதும் சொல்லுக்கும் அப்படித்தான். (நான் எழுதுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.)

முதலில் மண்ணைப் பார்க்கலாம்.

சர்ச் தோட்டத்தில் நீங்கள் நிலம் வாங்குவதில்லை. பத்திரம் எதுவும் கைக்கு வராது. ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு உரிமை அங்கே இருக்கிறது. அந்த ஆலயத்தின் பங்கு (பாரிஷ்) எல்லைக்குள் வசிப்பவர், அந்த எல்லைக்குள் இறந்தவர், அல்லது அந்தச் சபையின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் என்றால், இடம் இருக்கும் வரை அங்கே அடக்கம் பண்ணப்பட அவருக்கு உரிமை உண்டு. கத்தோலிக்கரா, மெதடிஸ்டா, சைவரா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1880-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, ஆங்கிலிக்கன் ஆராதனை இல்லாமலே கூட அங்கே அடக்கம் செய்யலாம்.

ஆனால் எந்த இடம் என்பதைக் குருவானவர்தான் முடிவு செய்வார். 'அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஓரிடம் வேண்டும்' என்று முன்கூட்டியே உறுதி செய்ய அவருடைய வாய்ச்சொல் போதாது. மறைமாவட்டத்தின் திருச்சபை நீதிமன்றத்தில் விண்ணப்பித்து 'ஃபேகல்ட்டி' என்ற அனுமதி வாங்க வேண்டும். அதை வாங்காமல் விட்டுவிட்டு, இடம் காத்திருக்கும் என்று நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டம் நிரம்பி, இனிப் புதைக்க முடியாது என்று அரசாணை வந்துவிட்டால், பங்கு மக்களின் உரிமையும் அதோடு போய்விடும்.

கவுன்சில் கல்லறையில் பத்திரம் உண்டு. அந்த மண்ணையே வாங்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குவது மண்ணை அல்ல. அந்தக் குழியில் யாரை வைக்கலாம் என்று தீர்மானிக்கும் தனி உரிமையைத்தான் வாங்குகிறோம். உள்ளாட்சிக் கல்லறைகளுக்கான 1977-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்த உரிமையை ஒரு தடவையில் 100 வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. பல கவுன்சில்கள் அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கின்றன. காலம் முடிந்தால் புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பிக்க ஒருவர் இருக்க வேண்டும். வீடு மாறும்போது முகவரியைக் கவுன்சிலுக்குச் சொல்லாமல் விட்டால், கெடு முடிகிறது என்ற கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். லண்டனில் கூடுதலாக ஒன்று உண்டு. 2007-இல் வந்த சட்டப்படி, 75 வருடத்துக்கு மேற்பட்ட பழைய கல்லறைகளை அறிவிப்புக் கொடுத்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். உள்ளே இருக்கும் எலும்புகளை இன்னும் ஆழமாக இறக்கிவிட்டு மேலே புதியவரை வைப்பார்கள். சிட்டி ஆஃப் லண்டன் செமெட்ரியில் இப்படி மறுபயன்பாடு நடக்கிறது.

அப்படியானால் சர்ச் தோட்டம் நிரந்தரமா? கெடு தேதி கிடையாது, உண்மைதான். ஆனால் நூற்றாண்டுகளாக அதே தோட்டங்களில் அடக்கத்தின் மேல் அடக்கமாக நடந்து வந்திருக்கிறது. அந்த மண் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை என்பதுதான் அங்கே அடிப்படை. எனக்கு அந்த எண்ணத்தில் ஒரு அழகு தெரிகிறது. ஆனாலும் அடுத்த 50 வருடத்துக்கு அந்தக் குழியில் யார் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தருவது பத்திரம்தான். மண்ணைப் பொறுத்தவரை என் ஓட்டு கவுன்சிலுக்கு. காசு வேறு கதை. பங்கில் வசிப்பவர்களுக்குச் சர்ச் தோட்டம்தான் பொதுவாக மலிவு. கவுன்சில்களோ தங்கள் எல்லைக்கு வெளியே வசித்தவர்களிடம் இரண்டு மூன்று மடங்கு வாங்குவது சாதாரணம்.

இனி கல்லில் எழுதும் சொல்லுக்கு வருகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியம்.

கொவென்ட்ரிக்குப் பக்கத்தில் எக்ஸ்ஹால் என்று ஓர் ஊர். அங்கே செயின்ட் ஜைல்ஸ் ஆலயத் தோட்டத்தில், அயர்லாந்தில் பிறந்து இங்கே வாழ்ந்து 2018-இல் இறந்த ஒரு தாயின் கல்லில், 'என்றென்றும் எங்கள் இதயங்களில்' என்று பொருள்படும் ஐரிஷ் வரியைப் பொறிக்கப் பிள்ளைகள் விரும்பினார்கள். 2020-இல் மறைமாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதியான சான்சலர், பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் அதைப் பொறிக்கக் கூடாது என்றார். அந்த மொழியைச் சுற்றியுள்ள உணர்ச்சிகளால், மொழிபெயர்ப்பு இல்லாத வரி அரசியல் முழக்கமாகப் பார்க்கப்படலாம் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு தாயின் கல்லறையில் பிள்ளைகளின் அன்பு, அதுவும் அவளுடைய மொழியில்! குடும்பம் மேல்முறையீடு செய்தது. 2021 பிப்ரவரியில் திருச்சபையின் மேல்முறையீட்டு நீதிமன்றமான கோர்ட் ஆஃப் ஆர்ச்சஸ் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மொழிபெயர்ப்பு இல்லாமலே பொறிக்க அனுமதித்தது.

இதைப் படித்தபோது 'ஐரிஷ்' இருந்த இடத்தில் 'தமிழ்' என்று போட்டுப் படித்தேன். நம் மொழியைச் சுற்றியும் உணர்ச்சிகள் உண்டு, வரலாறு உண்டு. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரியை ஒரு சான்சலர் எப்படிப் பார்ப்பார்? 2021 தீர்ப்பு நமக்கும் துணை நிற்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அது கிடைக்க அந்தக் குடும்பத்துக்கு இறப்பிலிருந்து இரண்டரை வருடம் ஆனது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன் 2002-இல் இறந்தார். 'எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேனே' என்ற வரி தன் கல்லில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விஞ்செல்சி ஆலயத் தோட்டத்தில் அதை ஆங்கிலத்தில் வைக்க சிசெஸ்டர் மறைமாவட்டம் ஒப்பவில்லை. ஐரிஷ் மொழியில் வைக்க ஒப்பியது. 2004-இல் கல் ஏறியது. ஓரிடத்தில் ஐரிஷ் மொழி சிக்கலைத் தீர்த்தது, இன்னோரிடத்தில் அதே மொழிதான் சிக்கலே. சர்ச் தோட்டத்தில் சொல்லின் கதி, நீங்கள் எந்த மறைமாவட்டத்தில் இருக்கிறீர்கள், அங்கே சான்சலர் யார் என்பதைப் பொறுத்தது.

காரணம் எளிது. கல் வைக்கச் சம்மதம் சொல்லும் அதிகாரத்தைச் சான்சலர் குருவானவருக்குக் கொடுத்திருக்கிறார், ஆனால் எழுதி வைத்த விதிகளுக்கு உட்பட்டு. உயரம், அகலம், கல்லின் வகை, எழுத்தின் நிறம் எல்லாம் அதில் இருக்கும். நம்மவர்கள் விரும்பும் பளபளப்பான கறுப்புக் கருங்கல்லைப் பல மறைமாவட்டங்கள் ஏற்பதில்லை. பீங்கானில் பதித்த புகைப்படமும் அப்படித்தான். விதியைத் தாண்டிய எதற்கும் ஃபேகல்ட்டி கேட்க வேண்டும். 1994-இல் லங்காஷயரின் ஃப்ரெக்கிள்டன் ஆலயத் தோட்டம் பற்றிய வழக்கில், 'டாட்', 'கிராண்டாட்' போன்ற வீட்டுச் சொற்கள் கல்லில் வரலாமா என்பதே விவாதமானது. அம்மம்மா, அப்பப்பா என்பவை நமக்குச் செல்லப்பெயர்கள் அல்ல, உறவின் பெயரே அவைதான். அதை ஒரு விண்ணப்பத்தில் விளக்கி எழுத வேண்டிய நிலை வருவதே எனக்கு வலிக்கிறது.

கவுன்சிலில் சொல்லைப் பற்றி இவ்வளவு கேள்வி வராது. அளவு, அடித்தளம், பாதுகாப்பு, பதிவு பெற்ற கல்வேலைக்காரரா என்பதில்தான் கறாராக இருப்பார்கள். சில இடங்களில் பிற மொழி வரிகளுக்கு மொழிபெயர்ப்புக் கேட்பார்கள். எங்கள் அம்மாவின் கல்லுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம், அவ்வளவுதான். கறுப்புக் கருங்கல், தமிழ் எழுத்து, தோற்றம், மறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. சொல்லைப் பொறுத்தவரையிலும் எனக்குக் கவுன்சில்தான். ஒரு எச்சரிக்கை: கவுன்சில் கல்லறையிலும் திருச்சபை பிரதிஷ்டை செய்த பகுதி தனியாக இருக்கலாம். அங்கே திருச்சபைச் சட்டமும் எட்டிப் பார்க்கும், குறிப்பாக உடலை எடுக்கும் விஷயத்தில். எந்தப் பகுதி என்று பத்திரம் வாங்கும்போதே கேளுங்கள்.

குடும்பத்துக்குள் பிளவு இருந்தால்? இங்கே நான் சர்ச் பக்கம் சாய்கிறேன்.

இறந்த உடல் யாருடைய சொத்தும் அல்ல என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. 1882-இல் வில்லியம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கு அதைத் தெளிவாகச் சொன்னது. உடலை என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் உயிலை நிறைவேற்றுபவர்தான். இறந்தவர் உயிலில் எழுதிய ஆசைகூட அவரைக் கட்டாயப்படுத்தாது. கல் என்று வரும்போது கவுன்சில் பார்ப்பது பதிவேட்டில் உள்ள பெயரை. அந்தப் பெயருக்கு உரியவர் கையெழுத்துப் போடாவிட்டால், பெற்ற மகளே கேட்டாலும் ஒரு எழுத்தைச் சேர்க்க முடியாது. குடும்ப நியாயத்தை அவர்கள் விசாரிப்பதில்லை. சர்ச் தோட்டத்தில் கல் அதை நட்டவருக்குச் சொந்தம். அவர் போனபின், யார் நினைவாகக் கல் நிற்கிறதோ அவருடைய வாரிசுகளுக்கு. எங்கள் அம்மாவின் கல் அங்கே இருந்திருந்தால் அது எங்களிடம் வந்திருக்கும், சித்தப்பாவின் பிள்ளைகளிடம் போயிருக்காது. தகராறு என்றால் சான்சலர் முன் எல்லோரும் வாய் திறக்கலாம். தாமதமாகும், செலவாகும், ஆனாலும் காது கொடுத்துக் கேட்க ஒருவர் இருக்கிறார்.

உறவு அறுந்த நிலையில் கல் யார் கைக்குப் போகிறது என்பதற்கு யார்க்‌ஷயரின் ஹெப்டன்ஸ்டாலில் ஒரு கல்லறை இருக்கிறது. கவிஞர் சில்வியா பிளாத் 1963-இல் இறந்தபோது கணவர் டெட் ஹியூஸிடமிருந்து பிரிந்து வாழ்ந்தார், ஆனால் விவாகரத்து ஆகவில்லை. உயிலும் இல்லை. கல்லை வைத்தவர் கணவர். 'சில்வியா பிளாத் ஹியூஸ்' என்று பொறித்தார். 'ஹியூஸ்' என்ற எழுத்துகளை யாரோ பல தடவை உளியால் செதுக்கி எடுத்தார்கள், மறுபடி மறுபடி பொறிக்க வேண்டியதாயிற்று. அவர்களின் கோபம் புரிகிறது. ஆனாலும் ஒரு கல்லறையில் உளி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் இடம் மாற்றலாம் என்று நினைத்துப் புதைக்காதீர்கள். பிரதிஷ்டை செய்யப்பட்ட மண்ணில் இருந்து எடுக்க ஃபேகல்ட்டி வேண்டும், மற்ற மண்ணில் இருந்து எடுக்க நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். 2002-இல் பிளாக்டன் வழக்கில் கோர்ட் ஆஃப் ஆர்ச்சஸ், கிறிஸ்தவ அடக்கம் நிரந்தரமானது, விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே கலைக்கலாம் என்று சொன்னது. மகனைத் தங்கள் குடும்பக் கல்லறைக்கு மாற்றக் கேட்ட அந்தப் பெற்றோருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஊர் மாறிவிட்டோம் என்ற ஒரே காரணம் போதாது.

என்னிடம் கேட்கும் உறவினர்களுக்கு இப்போது நான் சொல்வது இது. தமிழில் கல் வேண்டும், இன்னொருவரையும் அதே குழியில் வைக்க வேண்டும் என்றால் கவுன்சிலுக்குப் போங்கள், பிரதிஷ்டை செய்யாத பகுதியைக் கேளுங்கள். பத்திரத்தில் ஒரு பெயர் வேண்டாம். இரண்டு பெயர் போடுங்கள், அதில் ஒருவர் இளையவராக இருக்கட்டும். காசு கட்டுபவர் வேறு, உரிமையாளர் வேறு. சபையோடு ஒட்டி வாழ்ந்தவர், ஞாயிறுதோறும் நடந்து போன அந்த ஆலயத்தின் நிழலில்தான் படுக்க வேண்டும் என்றால் சர்ச் தோட்டம் சரி. ஆனால் அடக்கத்துக்கு முன்பே மறைமாவட்டத்தின் கல்லறை விதிகளை வாங்கிப் படித்துவிடுங்கள். கல் வைக்க ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். அந்த ஆறு மாதம் கழித்து விதியைத் திறந்து பார்த்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் பெயரை அம்மாவின் பெயருக்குக் கீழே பொறிக்கப் போன மாதம் கொடுத்தோம். பத்திரம் இப்போது அக்கா பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. கல்வேலைக்காரர் அனுப்பிய மாதிரித் தாளில், எழுத்துரு மாறியதால் 'தோற்றம்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நின்றது. மகர மெய்யின் புள்ளியும் காணவில்லை. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பியிருக்கிறோம். திருத்திய தாள் வந்ததும் அக்கா ஒரு தடவை, நான் ஒரு தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்.