ஃபிளாட் பார் சைக்கிளில் டிராப் பார் மாட்டித் தருகிறோம் என்றால் கவனம்

கோவையில் ஒரு சைக்கிள் கடையில் 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த, நேரான ஹேண்டில் பார் (ஃபிளாட் பார்) வைத்த என் ஹைப்ரிட் சைக்கிளில் பிரேக்கே பிடிக்காதபடி செய்து கொடுத்தார்கள். இதே வேலையை மற்றவர்களுக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பேரூர் பக்கம் தார் ரோடும் மண் பாதையும் மாறி மாறி வரும். எதிர்காற்றில் குனிந்து ஓட்ட, ரேஸ் சைக்கிளில் வருவதுபோல் கீழே வளைந்த டிராப் பார் தோதாக இருக்குமா என்று விசாரித்தேன். என்னுடையது வி-பிரேக் (இரண்டு நீண்ட கைகள் ரிம்மை இருபக்கமும் கவ்விப் பிடிப்பது), அதற்கு ஒத்துவருமா என்றும் கேட்டேன். "எல்லாம் செட் ஆகுங்க, கிராவல் சைக்கிளாவே மாத்திடலாம்" என்றார் கடைக்காரர். கிராவல் சைக்கிள் என்றால் மண் பாதையிலும் ஓட்டத் தோதான டிராப் பார் சைக்கிள்.

செட் ஆகாது. வி-பிரேக்குக்குக் கேபிளை அதிக நீளம் இழுக்கும் லீவர் வேண்டும். அவர்கள் மாட்டியது சாதாரண ரோடு சைக்கிள் லீவர், அது கொஞ்சம்தான் இழுக்கும். ஓர் இறக்கத்தில், மழை ஈரம் வேறு, லீவரை முழுக்க அழுத்தினேன். அது போய் ஹேண்டில் பாரில் முட்டிவிட்டது. பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஓரத்து மண் குவியலில் ஏற்றித்தான் சைக்கிளை நிறுத்தினேன்.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், கட்டையை ரிம்மோடு ஒட்ட வைத்து முடுக்கிவிட்டு "ஓட்ட ஓட்ட சரியாயிடுங்க" என்றார்கள். அப்படி வைத்தால் சக்கரம் இம்மி கோணினாலும் உரசும், தளர்த்தினால் பழையபடி பிடிக்காது. சரி, என் பழைய பாரையும் லீவரையும் கொடுங்கள் என்றேன். தூக்கிப் போட்டாயிற்றாம்.

அளவும் இடிக்கும். ஃபிளாட் பாருக்கென்று செய்த ஃபிரேமில், சீட்டுப் பக்கத்திலிருந்து ஹேண்டில் பக்கம் போகும் மேல் குழாய் (டாப் டியூப்) நீளம். டிராப் பாரில் கை வைக்கும் இடம் அதற்கும் முன்னால் போய்விடுவதால் கழுத்தும் தோளும் கழன்றுபோகும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கினாலும் ஓரளவுதான் சரியாகும்.

மண்ணும் கல்லும்தான் அதிகம் என்றால் அகலமான ஃபிளாட் பாரே போதும். பிரேக் எப்போதும் விரலடியில் இருக்கும். உள்ளங்கை மரத்துப்போனால், கையை மாற்றி வைக்க பாரின் முனையில் கொம்பு மாதிரி வரும் பார் எண்ட் மாட்டிக்கொள்ளலாம். நீண்ட தார் ரோடு என்றால் டிராப் பார் அருமையானது, ஆனால் அதற்கென்றே செய்த சைக்கிளாக வாங்குங்கள்.

மாற்றியே தீரவேண்டும் என்பவர்கள் டெக்ட்ரோ ஆர்எல்520 மாதிரி வி-பிரேக்குக்கென்றே வரும் டிராப் லீவரைக் கேளுங்கள். அதில் கியர் ஷிஃப்டர் கிடையாது, தனியாகப் போடவேண்டும். பாகத்தின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமானைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாற்றியவர்கள், சைக்கிளை நிறுத்தி வைத்து லீவரை முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். பாரில் முட்டினால் சரிசெய்யும் வரை அதில் ஏறாதீர்கள்.